பொன்னியின் செல்வன் முடித்தாயிற்று, அடுத்து எந்த நாவல்?

ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தை மூடி வைத்த கையோடு அண்ணன் மகள் எனக்கு போன் செய்தாள். "அத்தை, முடிச்சிட்டேன். கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே நாள்ல கிளம்பிப் போன மாதிரி இருக்கு. இதே மாதிரி இன்னொரு நாவல் சொல்லுங்க." 2022 செப்டம்பரில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு நாவலைக் கையில் எடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. பாடப்புத்தகம் தவிரத் தமிழில் ஒரு புத்தகத்தைக்கூட முழுதாகப் படித்திராதவள், இரண்டே மாதத்தில் ஏறக்குறைய 300 அத்தியாயங்களைத் தாண்டி வந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு தப்புச் செய்தேன். நான் மிகவும் மதிக்கிற, தத்துவமும் தொன்மமும் அடர்ந்த, தலையணை கனத்தில் இருக்கிற ஒரு நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதிலும் கோபுரம் உண்டு, மன்னர் உண்டு, பழைய காலம் உண்டு. ஆகவே பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். அப்புறம் ஆறு மாதம் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. அந்த நாவல் மேல் ஒரு குறையும் இல்லை. கொடுப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். இதே மாதிரி என்றால், எது மாதிரி?

பொன்னியின் செல்வனைச் சரித்திர நாவல் என்று ஒரு பெட்டியில் போட்டுவிடுகிறோம். ஆனால் படித்த பத்துப் பேரை உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு வந்தியத்தேவன் ஊர் ஊராகப் போகிற பயணம் பிடித்திருக்கும். இன்னொருவருக்கு ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்கிற முடிச்சு. ஒருவர் நந்தினியை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார். இன்னொருவருக்கு வீரநாராயண ஏரியில் ஆடிப்பெருக்கன்று புது வெள்ளம் வருகிற அந்த முதல் அத்தியாயமே போதும். ஒரே புத்தகத்துக்குள் துப்பறியும் கதை, காதல் கதை, பயணக் கதை, அரண்மனை அரசியல் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. நம்மைப் பிடித்து இழுத்துப் போன இழை எது என்று தெரிந்தால் அடுத்த நாவலைத் தேடுவதில் பாதி வேலை முடிந்துவிடும். அதனால் இங்கே நாவல்களை வகை வாரியாகப் பிரிக்காமல், அந்த இழைகளின் வழியாகவே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

முதலில், பழைய காலமே பிடித்தவர்களுக்கு. இவர்களுக்கு எதிரே மூன்று வழி இருக்கிறது. கல்கியிடமே இன்னும் கொஞ்ச நாள் தங்குவது ஒரு வழி. பார்த்திபன் கனவு, சிவகாமியின் சபதம் இரண்டும் பல்லவர் காலத்துக் கதைகள். கதைக் காலப்படி சிவகாமியின் சபதம் முந்தியது. எழுதப்பட்டதில் பார்த்திபன் கனவு முந்தியது. பார்த்திபன் கனவை முதலில் படியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். சின்னது, அதிலே இருக்கிற மாறுவேட முடிச்சு முன்கூட்டி எதுவும் தெரியாமல் படித்தால்தான் ருசிக்கும். சிவகாமியின் சபதம் துக்கமான நாவல். பொன்னியின் செல்வனின் கலகலப்பை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வரும். அதன் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத ஒருவரை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வழி சாண்டில்யன். குமுதத்தில் வாராவாரம் வாசகர்களைக் காத்திருக்க வைத்தவர். கடல் புறா, யவன ராணி இரண்டும்தான் பெரும்பாலும் முதலில் கைக்கு வரும். கடல் புறாவில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப் பாலூரிலிருந்து கடாரம், ஸ்ரீவிஜயம் வரைக்கும் கடலிலேயே அலைகிறான். கப்பலை எப்படித் திருப்புவது, எதிரிக் கப்பலை எந்தக் கோணத்தில் மறிப்பது என்பதையெல்லாம் சாண்டில்யன் ரசித்து ரசித்து எழுதுவார். பூங்குழலி படகு தள்ளுகிற இடங்கள் பிடித்தவர்களுக்குக் கடல் புறா நிச்சயம் பிடிக்கும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கல்கியின் நாவலில் குந்தவையும் நந்தினியும்தான் காய் நகர்த்துகிறார்கள். சாண்டில்யனிடம் பெண்கள் வரும்போது கதை நின்று, வர்ணனை பக்கம் பக்கமாக ஓடும். என் அண்ணன் மகளுக்கு அது ஒத்துவரவில்லை, "இவங்க எப்ப பேசுவாங்க அத்தை?" என்று கேட்டாள். யவன ராணி அந்த விஷயத்தில் பரவாயில்லை. சங்க காலத்துக் கரிகால் சோழன் காலத்துப் புகாரில் கரையேறுகிற அந்த ராணிக்குத் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது, அவளும் அரசியல் செய்கிறாள்.

மூன்றாவது வழி சு. வெங்கடேசன். அவரிடம் இரண்டு பெரிய நாவல்கள் உண்டு, இரண்டும் இரண்டு வேறு வாசகர்களுக்கு. வேள்பாரி ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பறம்பு மலை, கபிலர், மூன்று வேந்தர்களும் ஒருவனை எதிர்த்து வருவது என்று கதை வேகமாகப் போகும். செடி கொடிகளையும் விலங்குகளையும் பற்றி அதில் வருகிற செய்திகளுக்காகவே படிக்கலாம். பொன்னியின் செல்வனுக்குக் கல்கி இதழில் படம் போட்டவர் மணியம். வேள்பாரித் தொடருக்குப் படம் போட்ட ம.செ. (மணியம் செல்வன்) அவருடைய மகன். அப்பா வரைந்த வந்தியத்தேவனைப் பார்த்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், மகன் வரைந்த பாரியைப் பார்த்தார்கள்.

காவல் கோட்டம் அப்படி இல்லை. 2008இல் வந்த, ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற நாவல். 2011இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மாலிக் காபூர் மதுரைக்கு வருவதில் தொடங்கி ஆங்கிலேயர் காலம் வரைக்கும் சுமார் அறுநூறு வருஷம் ஓடும். கதாநாயகன் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. மதுரைதான் நாயகன் என்று வேண்டுமானால் சொல்லலாம். கோட்டைச் சுவரை இடிக்கிறார்கள், தாது வருஷப் பஞ்சம் வருகிறது, காவல்காரர்களாக இருந்த ஒரு ஊரையே வெள்ளைக்காரன் குற்றவாளிகள் என்று எழுதி வைக்கிறான். ராத்திரியில் சுவரில் ஓட்டை போட்டு, அதாவது கன்னம் வைத்து, உள்ளே போகிறவர்களின் தொழில் நுணுக்கம் அதில் எழுதப்பட்டிருக்கிற அளவுக்கு நான் வேறெங்கும் படித்ததில்லை. ஆனால் பொன்னியின் செல்வனை முடித்த மறுநாள் இதை எடுக்க வேண்டாம். பேர்கள் கூட்டம் கூட்டமாக வரும், பேச்சுமொழி பழக ஐம்பது பக்கம் ஆகும். யாருக்கு இது சரி என்றால், பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டுக் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் போனவர்களுக்கு. கதையைவிட, நடந்தது என்ன என்று தெரிந்துகொள்வதில் ஆசை உள்ளவர்களுக்கு.

கொலை முடிச்சுப் பிடித்தவர்களுக்கு வருகிறேன். கல்கி அந்தக் கொலைக்கு நேர்ப் பதில் சொல்லாமலே விட்டுவிட்டார். அதைப் படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரண்டவர்கள், மன்னர் காலத்தை விட்டு தைரியமாக வெளியே வரலாம். சுஜாதாவின் கொலையுதிர் காலத்தில் ஒரு பழைய பங்களா, ஒரு சொத்து, நடுவில் நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானத்தின் வேலையா என்கிற கேள்வி. வக்கீல் கணேஷும் வசந்தும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுவார்கள். கடைசி வரை அந்தத் தராசு ஆடிக்கொண்டே இருக்கும். கணேஷ் முதன்முதலில் வந்தது நைலான் கயிறில். அதில் வசந்த் கிடையாது, ஆகவே சிரிப்பும் குறைவு. முதலில் கொலையுதிர் காலம், பிடித்துப்போனால் மற்றவை என்று போவது நல்லது.

சுஜாதாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு உலகம் இருக்கிறது. மாத நாவல்கள். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்குமே, அவைதான். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன். இவற்றை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய்வந்த என் அலுவலகத் தோழி ஒருவர், பத்து வருஷம் ராஜேஷ்குமார் படித்தபடியேதான் போய்வந்தார். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகளை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டிக் கடைசியில் ஒரு புள்ளியில் முடிச்சுப் போடுவது ராஜேஷ்குமாரின் கைவந்த கலை. ஒரு பயணத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். சுஜாதாவிடம் ஒரு வாக்கியத்தை இரண்டாம் தடவை படிக்கத் தோன்றும். மாத நாவலில் பக்கத்தைப் புரட்டத்தான் தோன்றும். அன்றைக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அமானுஷ்யம் பிடித்தவர்களுக்கு இந்திரா சௌந்தர்ராஜன். அறிவியல் கதை வேண்டுமென்றால் சுஜாதாவின் என் இனிய இயந்திரா. ஜீனோ என்கிற ரோபோ நாயைச் சந்திக்காமல் யாரும் இருக்கக் கூடாது.

நந்தினியை விட்டு வரமுடியாதவர்களுக்கு ஒரே ஒரு நாவலைச் சொல்வேன். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள். 1966இல் அவர் ஆனந்த விகடனில் அக்கினிப் பிரவேசம் என்று ஒரு சிறுகதை எழுதினார். மழைநாளில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட கல்லூரிப் பெண், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி உள்ளே அழைத்துக்கொள்கிறாள். கதை வந்ததும் பெரிய சர்ச்சை. அப்புறம் ஜெயகாந்தன் அந்தக் கதையையே திருப்பிப் போட்டார். அந்த அம்மா அப்படித் தண்ணீர் ஊற்றாமல், ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும்? அதுதான் நாவல். அவள் பெயர் கங்கா. நந்தினியிடம் இருந்த கோபமும் தனிமையும் கங்காவிடமும் உண்டு, கத்தி மட்டும் இல்லை. சிறுகதையை முதல் நாள் படித்துவிட்டு மறுநாள் நாவலைத் தொடங்கினால், ஒரு எழுத்தாளர் தன்னுடைய பதிலோடு தானே சண்டை போடுவதை நேரில் பார்க்கலாம். இதைப் படித்து முடித்தவர்கள் சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதைக்குப் போகலாம். சின்ன ஊர் ஒன்றில் வீட்டுக்குள்ளேயே வாழ்கிற முஸ்லிம் பெண்களின் பேச்சும் ரகசியமும் அதில் இருக்கின்றன.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான இழை. காவிரி.

பொன்னியின் செல்வனில் காவிரி ஒரு பாத்திரமாகவே வருகிறது. குந்தவை இருக்கும் பழையாறை கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தான். அந்தக் கும்பகோணத்தில், கல்கியின் கதை நடக்கிற காலத்துக்கு ஆயிரம் வருஷம் பின்னால் வந்து நின்றால் மோகமுள். தி. ஜானகிராமன் 1956இல் சுதேசமித்திரனில் தொடராக எழுதினார். பாபு என்கிற இளைஞன், அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா, சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற ரங்கண்ணா. கதை இவ்வளவுதான். ஆனால் அந்த ஊரின் வெயில், படித்துறை, காபி, தெருப்பேச்சு எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் வந்துவிடும். இதில் யாரும் யாரையும் வாளால் வெட்டுவதில்லை. மனசுக்குள் மட்டும் போர் நடக்கிறது. இருபது வயதில் படித்தபோது பாபுவின் பக்கம் இருந்தேன். நாற்பதைத் தாண்டிப் படித்தபோது யமுனாவைத் தவிர வேறு யாரையும் பார்க்க முடியவில்லை. ஒரே நாவல் இரண்டு நாவலாக ஆகிவிட்டது.

அதே காவிரி கடலில் கலக்கிற பக்கத்தில் இன்னொரு நாவல். சா. கந்தசாமியின் சாயாவனம், 1969இல் வாசகர் வட்டம் வெளியிட்டது. வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்புகிற சிதம்பரம் ஒரு பெரிய தோட்டத்தை விலைக்கு வாங்குகிறான். தோட்டம் என்று பெயர், உண்மையில் அது ஒரு காடு. அதை அழித்துவிட்டுச் சர்க்கரை ஆலை கட்ட வேண்டும். நாவலின் பெரும்பகுதி அந்த அழிப்புதான். அரிவாளும் கோடரியும் கொண்டு நாள் நாளாக வெட்டுகிறார்கள், பக்கம் பக்கமாகக் கொடிகளோடும் மரங்களோடும் மல்லுக்கட்டுகிறார்கள். கடைசியில் தீ. சுற்றுச்சூழல் என்கிற சொல் பத்திரிகைகளில் பரவலாக வருவதற்கு முன்னாலேயே எழுதப்பட்டது, ஆனால் ஒரு இடத்தில்கூட ஆசிரியர் நடுவில் வந்து இது தவறு என்று சொல்வதில்லை. சிதம்பரம் கெட்டவனும் இல்லை, உழைப்பாளி. அதுதான் வயிற்றைப் பிசையும்.

மோகமுள்ளா சாயாவனமா என்று கேட்டால்? ஆட்களைப் பற்றி யோசித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு மோகமுள். இடத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சாயாவனம். மோகமுள் பெரியது, நடுவில் கொஞ்சம் தேங்கும், அந்தத் தேக்கத்தில் உட்காரப் பொறுமை வேண்டும். சாயாவனம் சின்னது, ஆனால் உரையாடல் குறைவு. வேகமாகப் படித்துப் பழகியவர்களுக்கு முதல் இருபது பக்கம் வறட்சியாக இருக்கும். இருபத்தோராவது பக்கத்துக்குப் போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

டெல்டாவை விட்டு நகர்ந்தால் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு நாவல் கிடைக்கும். தூத்துக்குடி உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் கரிப்பு மணிகள், பரதவர் கடற்கரைக்கு ஜோ டி குரூஸின் ஆழி சூழ் உலகு, கரிசலுக்குக் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். பூங்குழலியின் படகில் ஈழத்துக்குப் போய்விட்டு, இன்றைய ஈழத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஷோபாசக்தியின் கொரில்லா. சின்ன நாவல்தான், ஆனால் மனசைத் தயார்படுத்திக்கொண்டு எடுக்க வேண்டும். இவற்றில் கோபல்ல கிராமத்தை மட்டும் என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். லக்ஷ்மி, ரமணிசந்திரன் தவிர வேறு எதையும் விரும்பிப் படிக்காதவர் அம்மா. குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்த கர்ப்பிணியை, காதில் கிடந்த நகைக்காக ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். அவள் அவன் கால் கட்டைவிரலைக் கடித்த கடியைச் செத்தும் விடவில்லை. அந்த இடம் வந்ததும் அம்மா வெற்றிலையை மடித்தபடியே அப்படியே நின்றுவிட்டார். "அப்புறம்?" என்றார். அந்த ஒரு "அப்புறம்?" போதும். அப்புறம் கோபல்லத்து மங்கத்தாயாரு அம்மாள் தங்கள் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்லத் தொடங்க, என் அம்மா தன் பாட்டி சொன்ன கதைகளை நடுநடுவே சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வந்தியத்தேவனுக்காகப் படித்தவர்கள், அதாவது ஓரிடத்தில் நிற்காத, வாயாடியான, ஆபத்துக்குள் தலையை விடுகிற அந்த இளைஞனுக்காகப் படித்தவர்கள், ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியைத் தேடி எடுக்க வேண்டும். 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர், ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகரத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து கதை தொடங்குகிறது. பிழைக்கப் போன பாண்டியன் பினாங்கு, கடல், நேதாஜியின் படை என்று அடித்துச் செல்லப்படுகிறான். சிங்காரம் அந்த ஊர்களில் வேலை பார்த்தவர். பின்னால் மதுரையில் தினத்தந்தியில் இருந்தார். மலாய்ச் சொல், சங்கப் பாட்டு, செட்டியார் வட்டிக்கடைப் பேச்சு, மதுரைத் தெருப் பேர் எல்லாம் ஒரே பத்தியில் வரும். முதல் வாசிப்பில் பாதி புரியாமல் போகலாம். புரியாததைத் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். வந்தியத்தேவனுக்கு எப்போதும் யாராவது உதவிக்கு வந்தார்கள், பாண்டியனுக்கு அப்படி யாரும் இல்லை. தமிழில் சாகச நாவல் என்று ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் அண்ணன் மகளுக்கு இரண்டாம் தடவை நான் கொடுத்தது இவை எதுவுமில்லை. வாடிவாசல். சி. சு. செல்லப்பாவின் குறுநாவல், 1959. நூறு பக்கம்கூட வராது. ஐந்து பாகத்தை முடித்துக் களைத்தவருக்கு இன்னொரு மலையைக் காட்டக் கூடாது, ஒரு மத்தியானத்தில் முடிகிற புத்தகத்தைத்தான் காட்ட வேண்டும் என்பது ஆறு மாதம் காத்திருந்ததில் நான் கற்றுக்கொண்டது.

ஒரே ஜல்லிக்கட்டு, ஒரே சாயங்காலம். உசிலனூரிலிருந்து பிச்சியும் மச்சான் மருதனும் வந்து வாடிவாசல் பக்கத்தில் நிற்கிறார்கள். பிச்சியின் அப்பனை முன்னொரு காலத்தில் குத்திச் சாய்த்த காரி என்கிற காளை, இன்றைக்கு ஜமீன்தாருடைய காளையாக இதே வாசல் வழியாக வரப்போகிறது. கூட்டத்தில் ஒரு கிழவர் ஓயாமல் பேசுகிறார், ஒவ்வொரு மாட்டின் வரலாறும் அவர் வாயில் இருக்கிறது. ஜமீன்தார் மேலே உட்கார்ந்து பார்க்கிறார். காளை வெளியே வருவதற்கு முன்னால் செல்லப்பா நம்மைக் காக்க வைக்கிறாரே, அந்தக் காத்திருப்பில் நம் கையும் வேர்க்கும். அவள் ராத்திரி பத்து மணிக்கு எடுத்து, பன்னிரண்டரைக்கு எனக்கு மெசேஜ் அனுப்பினாள்: "ஜமீன்தார் ஏன் அத்தை அப்படிப் பண்ணாரு?" காலையில் போனில் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று தெரியும்.

நகரத்து ஆட்களுக்கு, மாடும் வாடிவாசலும் தூரமாகத் தெரிகிறவர்களுக்கு, அதே அளவில் அசோகமித்திரனின் தண்ணீர் இருக்கிறது. மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, குடம், அடிகுழாய், பக்கத்து வீட்டு டீச்சரம்மா. சத்தமே போடாத நாவல். வாடிவாசல் முடிந்ததும் யாரிடமாவது பேசத் தோன்றும். தண்ணீர் முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தோன்றும்.

விருதுப் பட்டியலைப் பார்த்துத் தேர்வு செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். அதிலும் நல்ல நாவல்கள் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். கல்கிக்குச் சாகித்திய அகாதெமி கிடைத்தது அலை ஓசைக்கு, அதுவும் அவர் காலமான பிறகு 1956இல். பொன்னியின் செல்வன் அந்தப் பட்டியலில் இல்லை. தி. ஜானகிராமனுக்குக் கிடைத்தது 1979இல் சக்தி வைத்தியம் என்ற சிறுகதைத் தொகுப்புக்கு, மோகமுள்ளுக்கு இல்லை. கி.ரா.வுக்கு 1991இல் கோபல்லபுரத்து மக்களுக்கு. அது கோபல்ல கிராமத்தின் தொடர்ச்சி. பட்டியலை நம்பினால் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குவீர்கள். சுஜாதாவின் பெயரே அதில் வராது. அதைவிட நல்ல வழி, உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராவது. நான்கு நாவலை எடுத்து வந்து ஒவ்வொன்றிலும் முப்பது பக்கம் படியுங்கள். எது மறுபடி கூப்பிடுகிறதோ அதை முடியுங்கள், மற்றதைத் திருப்பிக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பாதியில் விட மனசு வராது, அந்த வருத்தத்திலேயே படிப்பு நின்றுபோகும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் இலவசமாகவே கிடைக்கும்.

எங்கள் வீட்டில் பாட்டி பைண்டு செய்து வைத்திருந்த பொன்னியின் செல்வன் இன்னும் இருக்கிறது. கல்கி இதழிலிருந்து வாராவாரம் பிரித்து எடுத்து, காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டுத் தைத்தது. மணியத்தின் படம் ஒரு பக்கம், அதன் பின்பக்கம் கூந்தல் தைல விளம்பரம். இரண்டாம் பாகத்தில் ஒரு வாரத்து இதழ் தொலைந்துபோயிருந்தது. அந்த இடம் வரும்போது பாட்டி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த அத்தியாயத்தைத் தன் வாயாலேயே சொல்வார். ரொம்ப வருஷம் கழித்து அச்சுப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்தேன். பாட்டி சொன்னதில் பாதி அதில் இல்லை. அவருக்குப் பிடித்த இழை ஈழமோ அரியணையோ இல்லை, வானதி. அந்த அத்தியாயத்தில் வராத வானதியையும் பாட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மேசை மேல் நூலக முத்திரையோடு சாயாவனம் இருந்தது, நடுவில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. தீ வைக்கிற இடத்துக்கு இன்னும் வரவில்லை என்று பக்க எண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "காட்டை வெட்டிட்டே இருக்காங்க அத்தை, முடியவே மாட்டேங்குது," என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் காபியை எடுத்துக்கொண்டேன்.